கோமுவும் அம்முவும் ஒரே பூனைதான்

வலியசாலையில் பகவதியம்மாளோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளை எண்ணப் புகுந்தால் பொழுது போய்விடும். பேச்சுவார்த்தை உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான். எதிர்வீட்டுச் சொர்ணம்மாள், யார் என்ன சொன்னாலும் கோபப்படத் தெரியாத பிறவி. அதனால் அந்த உறவு இன்னும் அறுந்து போகாமல் இருந்தது.

பகவதியம்மாளின் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளத்து மண்ணுக்கு வந்து மூன்று தலைமுறையாக இந்தத் தெருவில் இருப்பது. மார்த்தாண்டத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். வருஷம் முடியுமுன்னே பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்துவிட்டாள். புருஷன் விட்டானா, இவள் விட்டாளா என்று கேட்கும் துணிச்சல் இன்றுவரை தெருவில் எவருக்கும் வரவில்லை. வந்த கையோடு தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைவ ஓட்டலில் கல்லாவில் உட்கார்ந்தவள், ஐம்பதைத் தாண்டியும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். கிழிந்த நோட்டை மடித்து நீட்டுகிறவனை அவள் பார்க்கும் பார்வையில், அவனே இன்னொரு நோட்டை எடுத்துவிடுவான்.

அவளுக்கு ஒரே தம்பி, ஹரிகுமார். சின்னவனாக இருந்தபோது அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டியவள் அவள்தான். அந்தத் தம்பிக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது ஒரு சுவர் நிற்கிறது. சும்மா சொல்லவில்லை. செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய நிஜச் சுவர்.

சுவர் வந்தது மீனால். ஹரிகுமார் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை பார்த்த ஸ்வப்னாவைக் கட்டிக்கொண்டு வந்தான். நெய்யாற்றின்கரைக்காரி, மலையாளத்துப் பெண், மீன் இல்லாமல் சோறு இறங்காத குடும்பம். பகவதியம்மாளின் வீடோ, முட்டை ஓடுகூட வாசல் தாண்டாத வீடு. அப்பா பகவதிப்பெருமாளின் முதல் திவசம் வரைக்கும் ஸ்வப்னா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். திவசம் கழிந்த மறுநாள், எல்லாம் முடிந்தது, இனி தோஷமில்லை என்று நினைத்து, அடுக்களையில் நாலு சாளை மீனைப் பொரித்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்த பகவதியம்மாள் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள். நேரே உள்ளே போய், துணியால் பிடித்து, கொதிக்கிற வாணலியை அப்படியே தூக்கிப் பின்முற்றத்தில் எறிந்தாள். எண்ணெய் ஸ்வப்னாவின் புறங்காலில் தெறித்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று பகவதியம்மாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதோடு பாகம் பிரித்தார்கள். நடுமுற்றத்தை வகுந்துகொண்டு சுவர் எழும்பியது. கிணற்றை மட்டும் வெட்டிப் பிரிக்க முடியாது, அதனால் கிணற்றின் குறுக்கே உத்தரம் போட்டு அதன்மேல் சுவரைக் கொண்டுபோனார்கள். கீழே ஒரே தண்ணீர், மேலே இரண்டு கப்பி. இந்தப் பக்கத்து வாளி இறங்கும்போது அந்தப் பக்கத்து வாளியில் இடிக்கும். இடிக்கிற சத்தம் கேட்டால் இரண்டு பேரும் கயிற்றை வேகமாக இழுப்பார்கள்.

இந்தச் சுவரின்மேல்தான் ஒரு மழைநாளில் அந்தப் பூனைக்குட்டி வந்து உட்கார்ந்தது. சாம்பல் உடம்பு, வெள்ளை நெஞ்சு. பகவதியம்மாள் மோர்ச்சாதம் வைத்தாள், இறங்கி வந்து தின்றது. கோமு என்று பெயர் வைத்தாள். தின்று முடித்து வாயை நக்கிக்கொண்டே அந்தப் பக்கம் குதித்தது. அங்கே ஸ்வப்னா சாளைத் தலையை வைத்தாள். அம்மு என்று பெயர் வைத்தாள். பூனை இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்த்தது. படுக்கை பகவதியம்மாளின் கட்டிலில், சாப்பாடு பெரும்பாலும் அந்தப் பக்கத்தில். பகவதியம்மாளின் வாழ்நாளில் அவளுக்கு இணையாக முறைத்துப் பார்க்கத் தெரிந்த ஜீவன் இது ஒன்றுதான். அதனால் அதன்மேல் உயிரையே வைத்தாள்.

இரண்டு வீட்டுக்கும் பேச ஒரு வழியும் கிடைத்தது. நேருக்கு நேர் பேசினால் மானம் போய்விடும், ஆனால் பூனையிடம் பேசலாமே. கிணற்றடியில் நின்று பகவதியம்மாள் உரக்கச் சொல்லுவாள்: "கோமு, கண்ட எடத்துல தின்னுட்டு வந்து எம்மேல ஒரசாத கேட்டியா, கவிச்சி அடிக்கி." அந்தப் பக்கத்திலிருந்து ஸ்வப்னாவின் குரல் வரும்: "அம்மு மோளே, உனக்கெங்கிலும் வயிறு நிறையட்டு. மோரு குடிச்சு மெலிஞ்சு போயில்லே." பூனை சுவர்மேல் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும். தெருவில் போகிறவர்களுக்கு இது தினசரி வேடிக்கை. இந்த ஜாடைப் பேச்சில் இரண்டு பேருமே கைதேர்ந்தார்கள். வருஷங்கள் இப்படியே போயின.

கோமு வளர்ந்தாள், குட்டி போட ஆரம்பித்தாள். வருஷத்துக்கு இரண்டு ஈற்று, பகவதியம்மாளின் மச்சில்தான் பேறுகாலம். கண் திறந்ததும் குட்டிகளெல்லாம் ஓட்டின் வழியே ஹரிகுமாரின் பக்கம் இறங்கிவிடும். அவன் சட்டைக் கூடையில் குட்டி, ஸ்கூட்டர் பெட்டியில் குட்டி. கடுவன்கள் ராத்திரியெல்லாம் ஓட்டின்மேல் சண்டை போட்டு ஓட்டை உடைத்தன. "அம்மு மோளே, இது மதி, பெத்தது போதும். ஆபரேஷன் செய்யணும்" என்று ஸ்வப்னா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

உண்மையைச் சொன்னால், பகவதியம்மாளுக்கு அதுவரை இந்த விஷயத்தில் ஒரு அபிப்பிராயமும் கிடையாது. அந்தப் பக்கம் வேண்டும் என்றது, ஆகவே இந்தப் பக்கம் வேண்டாம் என்றது. இவ்வளவுதான் தர்மநியாயம்.

ஹரிகுமார் விஷயத்தை ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் கூட்டத்துக்குக் கொண்டுபோனான். அவன் அதில் ஜாயின்ட் செகரட்டரி. தெருநாய், குப்பை, ஓடையடைப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு எழுந்து, "தெருவுல ஒரு குறிப்பிட்ட வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்யாததனால சுத்துவட்டாரத்துக்கே புத்திமுட்டா, பெரிய தொந்தரவா இருக்கு" என்றான். குறிப்பிட்ட வீட்டுக்காரி பின்வரிசையில் இருந்தாள். எழுந்தாள்.

"தலைவர்கிட்டச் சொல்லுகேன்," என்றாள், தம்பியைப் பார்க்காமல். "சில பேரு வீட்டுல பெறவும் வழியில்ல, பெத்ததப் பாக்கவும் பொறுக்கல. எம் பூனை பெத்தா பெறும். என் உசிரு உள்ளமட்டும் கோமு மேல கத்தி படாது. எங்கப்பன் மேல சத்தியம்."

ஹரிகுமாருக்கும் ஸ்வப்னாவுக்கும் பிள்ளை இல்லை. அது தெருவுக்கே தெரியும். ஸ்வப்னா முன்வரிசையில் குனிந்து தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். சொன்ன வார்த்தை எவ்வளவு கேடுகெட்டது என்று பகவதியம்மாளுக்குச் சொன்ன உடனேயே தெரிந்தது. தெரிந்தும் தலையை நிமிர்த்திக்கொண்டே வெளியே போனாள். அவள் சுபாவம் அது, அதற்கு நாம் என்ன செய்ய முடியும்.

அடுத்த ஈற்றில் அவளுக்குத் தண்டனை கிடைத்தது, கோமுவின் உடம்பு வழியாக. மூன்று குட்டிகளைக் கடுவன் கடித்துப் போட்டுவிட்டது. நாலாவது வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. ஒரு பகல் முழுக்கக் கோமு மச்சின் மூலையில் கிடந்து முக்கினாள். பகவதியம்மாள் ஓட்டலுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். சாயங்காலம் செத்த குட்டி விழுந்தது. கோமு ரத்தம் போய், கண் உள்ளே போய், கூப்பிட்டதற்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்த முறைப்பு இல்லாத கண்ணைப் பகவதியம்மாளால் பார்க்க முடியவில்லை. பயந்துவிட்டாள். இன்னொரு ஈற்று வந்தால் இது பிழைக்காது என்று அவளுக்குப் புரிந்தது.

கல்லாவில் உட்கார்ந்தாலும் நினைப்பெல்லாம் இதில்தான் இருந்தது. கத்தி வைத்தால் அப்பா மேல் செய்த சத்தியம் என்ன ஆவது? வைக்காவிட்டால் கோமு என்ன ஆவாள்? ஓட்டலில் பரிமாறுகிற பிச்சைக்கனி ஆலங்குளத்துக்காரர், அவர் வீட்டில் எப்போதும் பூனை உண்டு. கூட்டம் குறைந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டாள்.

"வே பிச்சைக்கனி, பூனைக்கு ஆபரேஷன் பண்ணுனா பாவமா?"

"பாவம்னா நமக்கு. வலின்னா அதுக்கு," என்றார் அவர், டம்ளரைத் துடைத்துக்கொண்டே. "எது பெருசுன்னு நீங்க பாத்துக்கிடுங்கம்மா."

கும்ப மாசத்தில், அதாவது நம் மாசியில், ஒரு நாள், விடிந்தும் விடியாமல், கோமுவைக் காய்கறிக் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, ஆட்டோவில் ஏறினாள். தெருவில் யாராவது பார்த்தால் கூடையில் வாழைக்காய் என்று சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். வாழைக்காய் வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது. பக்கத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்க, தெரிந்த முகம் எதுவும் வராத இடமாகப் பார்த்து நெடுமங்காடு ரோட்டில் ஒரு வெட்னரி டாக்டரிடம் போனாள். அவர் விலாப் பக்கமாகச் சின்னதாகக் கீறிக் காரியத்தை முடித்தார். முடித்துவிட்டு, காது நுனியில் கொஞ்சம் வெட்டிவிடுவோம், ஆபரேஷன் ஆன பூனை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்றார்.

"அதுதான் தெரியாண்டாம்," என்றாள் பகவதியம்மாள். "காது முழுசா இருக்கட்டும்."

காது வெட்டினால் ஹரிகுமார் பார்த்துவிடுவான். பார்த்தால் ஜெயித்தது அவன் என்று ஆகிவிடும். சத்தியத்தையும் தின்றாள், கடைசியில் நான் சொன்னதையே செய்தாள் என்று சிரிப்பான். புண் ஆறும்வரை கோமுவை உள்ளறையில் பூட்டி வைத்து மோர்ச்சாதம் ஊட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்வப்னா தினமும் மீன்தட்டைத் தட்டி, "அம்மு, அம்மு, எவிடெப் போயி மோளே" என்று கூப்பிடுவாள். குரல் நாளுக்கு நாள் கம்மிக்கொண்டே வந்தது. கோமு உள்ளிருந்து மியாவ் என்றால் பகவதியம்மாள் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். கூப்பிட்டுச் சாகட்டும் என்று அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது அவளுக்கு.

ரோமம் வளர்ந்து தையல் மறைந்தது. கோமு மறுபடி சுவர் ஏறினாள். இனி ஈற்றுமில்லை, சண்டையுமில்லை. தின்பதும் தூங்குவதும்தான் வேலை. நாலைந்து மாதத்தில் அவளுக்குச் சதை வைத்தது. வயிறு தொங்கிற்று. சுவர்மேல் நடந்தால் வயிறு இரண்டு பக்கமும் ஆடியது.

ஸ்வப்னா அதைப் பார்த்தாள். "ஐயோ அம்மு, பின்னேயும் வயிறாயோ" என்று அவள் சொன்னது இந்தப் பக்கம் கேட்டது.

அந்த நேரத்தில் பகவதியம்மாள் வாயை மூடிக்கொண்டு துணி துவைத்திருக்கலாம். அல்லது, வயிறு இல்லை, கொழுப்பு என்று ஒரு வார்த்தை பூனையிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்குத்தான் நாக்கில் சனி. "ஆமா கோமு," என்றாள், துணியை ஓங்கி அடித்துக்கொண்டே. "இந்தத் தடவ ஆறு. ஆறையும் அந்தப் பக்கம் எறக்கி விட்டுரு கேட்டியா. ஆபீசருக்குப் பொழுது போகாண்டாமா."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நல்லா உறைத்தது என்று நினைத்துக்கொண்டு பகவதியம்மாள் துணியைப் பிழிந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம். டோக்கன் வாங்க வரிசை வாசல் தாண்டி நின்றது. அப்போது சொர்ணம்மாள் போன் பண்ணினாள்.

"பகவதி, ஒந் தம்பி ஒரு கூடைய வச்சிக்கிட்டுக் கார்ல போறான். உள்ள கோமு மாதிரி கத்துச்சி. என்னான்னு கேட்டேன். டாக்டர் ஒத்துக்கிட்டாரு, ஆபரேஷன் செய்து கொண்டாந்திருவேன், அவளுக்குச் சொல்லாண்டாம்னான். நீ கோவப்படுவியேன்னுதான் ஒடனே சொல்லல. கொஞ்ச நேரம் ஆச்சு."

எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் பகவதியம்மாள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கல்லாவைப் பூட்டிச் சாவியைப் பிச்சைக்கனியின் கையில் திணித்துவிட்டு, வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடப் போட ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்தாள்.

ஆட்டோ ஓடும்போது போனைக் கையில் வைத்திருந்தாள். ஹரிகுமாரின் நம்பர் அதில் இருந்தது. பெயர் போடாமல் 'அவன்' என்று போட்டிருந்தாள். அமுக்கி, ஏற்கெனவே செய்தாகிவிட்டது, கத்தி வைக்காதே என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நேரில் போய்த் தடுத்துவிடலாம், இவனிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தாள். ஆட்டோக்காரரைத்தான் விரட்டினாள். பாலத்தடியில் ஒரு கல்யாண ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. செண்டையடித்துக்கொண்டு அவர்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். அப்போதுதான் அமுக்கினாள். மணி அடித்தது. கட் ஆனது. மறுபடி அமுக்கினாள். மறுபடி கட் செய்தான். அக்காக்காரி திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று அவன் நினைத்ததில் தப்பும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிடாதவள் வேறு எதற்குக் கூப்பிடப் போகிறாள்?

அவள் போய் நின்றபோது ஆபரேஷன் அறையின் கதவு மூடியிருந்தது. வெளியே பெஞ்சில் ஹரிகுமாரும் ஸ்வப்னாவும் இருந்தார்கள். காலியான கூடை ஸ்வப்னாவின் மடியில் இருந்தது.

"நிறுத்தச் சொல்லு," என்றாள் பகவதியம்மாள். "நிறுத்தச் சொல்லுலே."

சுவர் எழும்பிய பிறகு தம்பியிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. ஹரிகுமார் எழுந்து நின்று, "ஒண்ணும் நிறுத்த முடியாது, நீ போ" என்றான். அதுவும் முதல் வார்த்தைதான்.

கதவு திறந்தது. டாக்டர் ஆதிரா கையுறையோடு வெளியே வந்தாள். சின்ன வயசு, முகம் சிவந்திருந்தது. "வயிறு நடுவுல கீறி எத்தர நேரமாத் தேடுறேன் தெரியுமோ?" என்றாள். "கர்ப்பமும் இல்லா, கர்ப்பப்பையும் இல்லா. விலாப் பக்கத்துல பழைய தையல் இப்பத்தான் கண்டேன். இது முன்னாடியே ஆபரேஷன் செய்த பூச்ச. ஏன் யாரும் பறயலே?"

ஹரிகுமார் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"எப்போ செஞ்சே?"

"கும்பத்துல."

"சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கேட்டியா?"

"வயித்துல ஆறு குட்டின்னு நீதானே சொன்னே?"

"உங்கிட்டச் சொன்னேனா? பூனைகிட்டச் சொன்னேன்."

"அப்பா மேல சத்தியம் பண்ணுனியே, எல்லாரும் பாக்க. அது என்னாச்சு?"

"அப்பாவப் பத்தி நீ பேசாத. திவசம் கழிஞ்ச மறுநா வீட்டுல சாளை பொரிக்க விட்டவன்தானே நீ."

"அவ கால்ல கொதிக்கக் கொதிக்க எண்ணெய ஊத்துனவ நீ."

"ஊத்தல. தெறிச்சுது."

"இத்தன வருஷம் கழிச்சுத்தான் அதச் சொல்லணும்னு தோணிச்சோ ஒனக்கு?"

ஸ்வப்னா குனிந்து கூடையின் பிரம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "இது யாரோட பூச்ச?"

"எனக்குள்ளது," என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில்.

"அப்போ ரெண்டு பேரும் கேளுங்க. ஒரு சின்ன ஜீவன், ஆறு மாசத்துக்குள்ள ரெண்டு தடவ கீறியாச்சு. இனி சுவர் ஏறப்படாது, குதிக்கப்படாது, ஒரே எடத்துல இருக்கணும். பட்டினி கிடக்கவே கூடாது. பூச்ச ரெண்டு நாள் தின்னலேன்னா ஈரல் கெட்டுப்போகும். பின்னே நம்ம கையில ஒண்ணுமில்லா." கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

தையல் போட்டுக் கோமுவை வெளியே கொடுத்தபோது, கூடையைப் பகவதியம்மாள் ஸ்வப்னாவின் மடியிலிருந்து பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். படுக்கை என் கட்டிலில்தான், நான்தான் கொண்டுபோவேன் என்றாள். அவர்கள் தடுக்கவில்லை.

கட்டிலிலிருந்து குதித்துவிடுமோ என்று, அடுக்களையில் அடுப்புக்கு எதிரே பழைய மெத்தையை விரித்துக் கோமுவைக் கிடத்தினாள். கழுத்தில் பிளாஸ்டிக் புனல், வயிற்றில் கட்டு. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. மறுநாள் மோர்ச்சாதம் பிசைந்து வைத்தாள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பால் வைத்தாள். பிஸ்கட்டை ஊறவைத்து விரலால் வாயில் தடவினாள். கோமு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். போன தடவை இதே மோர்ச்சாதத்தைத் தின்ற பூனைதான். இந்தத் தடவை அதற்கு மனசு விட்டுப் போய்விட்டதோ என்னவோ. டாக்டருக்குப் போன் செய்தாள். எது பிடிக்குமோ அதைக் கொடுங்கள், வாசனையுள்ளதாகக் கொடுங்கள், நாளை வரை பொறுக்க வேண்டாம் என்றாள் டாக்டர்.

எது பிடிக்கும் என்று பகவதியம்மாளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மீன் வேகிற வாசம் வந்தது. வழக்கம்போல ஜன்னலைச் சாத்த எழுந்தாள். திரும்பிப் பார்த்தாள். புனலுக்குள் கோமுவின் மூக்கு அசைந்தது. தலை கொஞ்சம் தூக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, மறுபடி சாய்ந்தது. பகவதியம்மாள் ஜன்னலைச் சாத்தவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

கிணற்றடிக்குப் போய் நின்றாள். சொல்ல வேண்டியதை உரக்கச் சொன்னால் அந்தப் பக்கம் கேட்கும். வாயைத் திறந்தாள். சுவர்மேல் பூனை இல்லை. வெறும் சுவரைப் பார்த்து என்னவென்று சொல்வது? ஜாடை பேசக்கூட ஒரு ஜீவன் வேண்டியிருக்கிறது. அது உள்ளே கிடந்தது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வாசல் வழியே தெருவில் இறங்கி, அடுத்த வாசலில் ஏறினாள். எதிர்வீட்டுச் சொர்ணம்மாள் பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பகவதியம்மாள் கதவைத் தட்டினாள். ஸ்வப்னா திறந்தாள். ஆபீசுக்கு லீவு போலிருக்கிறது, கண் வீங்கியிருந்தது.

"கொஞ்சம் மீன் வேணும்," என்றாள் பகவதியம்மாள்.

ஸ்வப்னா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாருக்கு?"

"பூனைக்கு."

"பூச்சைக்குப் பேரில்லையோ?"

பகவதியம்மாள் வாசல்நிலையைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். இவள் விடமாட்டாள் என்று தெரிந்தது. அவள் இடத்தில் தான் இருந்தாலும் விட்டிருக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது.

"அம்முவுக்கு," என்றாள். "அம்மு ஒண்ணும் தின்ன மாட்டேங்கா."

ஸ்வப்னா உள்ளே போனாள். அவித்த சாளையை ஒரு ஸ்டீல் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். பகவதியம்மாள் கையை நீட்டினாள். ஸ்வப்னா கொடுக்கவில்லை. "சேச்சிக்கு முள்ளு எடுக்கத் தெரியாது," என்றாள். "தொண்டையில குடுங்கும்." செருப்பை மாட்டிக்கொண்டு அவளைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

வாணலி பறந்த நாளுக்குப் பிறகு அந்த அடுக்களைக்குள் ஸ்வப்னா கால் வைக்கவில்லை. இப்போது வைத்தாள். மெத்தைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முள்ளை விரலால் உருவி உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். புறங்காலில் அந்தத் தழும்பு வெளுத்து, தோல் சுருங்கி, ஒரு வெற்றிலை அகலத்துக்கு இருந்தது. தெறித்தது இவ்வளவா என்று பகவதியம்மாள் நினைத்தாள். அவள் மனசில் கடுகளவாக இருந்த காயம் அது.

ஸ்வப்னா புனலைக் கழற்றி, மீனை விரல் நுனியில் வைத்து நீட்டினாள். கோமு முகர்ந்தாள். நாக்கை நீட்டினாள். ஒரு வாய் தின்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். ஸ்வப்னாவின் மூக்கு நுனியில் கண்ணீர் நின்றது, துடைக்கக் கை காலியில்லை. பகவதியம்மாள் அதைப் பார்த்தாள். கூட்டத்தில் தான் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. அதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. குனிந்து, தட்டிலிருந்து ஒரு சாளையைத் தானே எடுத்தாள். பிறந்ததிலிருந்து அவள் கை படாத வஸ்து. வழுவழுவென்று இருந்தது. நடு முள்ளைப் பிடித்து இழுத்தாள். பாதி மீனும் கூடவே வந்தது.

"அப்படியல்ல," என்றாள் ஸ்வப்னா. "வாலுலேருந்து இழுக்கணும்."

வாலிலிருந்து இழுத்தாள்.

தட்டில் பாதி தீர்ந்ததும் கோமு கண்ணை மூடித் தூங்கிப்போனாள். ஸ்வப்னா புனலை மாட்டிவிட்டு எழுந்தாள். "அம்மு," என்றாள், தூங்குகிற பூனையைப் பார்த்து. "அடுத்த தடவ எது செய்தாலும் வாயத் திறந்து பறயணும்னு சிலரோட பறஞ்சு குடு."

"கோமு," என்றாள் பகவதியம்மாள். "ஒருத்தரு வீட்டுப் பொருள எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி கேக்கணும்னு சிலருக்குச் சொல்லு."

ஸ்வப்னா வாசல் வரை போய் நின்றாள். "நாளைக்கும் வருவேன். சேச்சிக்காக இல்லா."

"எனக்காக நீ எதுக்கு வரணும். வா."

அவள் போன பிறகு அடுக்களை முழுக்கச் சாளை வாசம். சுவர் கட்டியது எதற்காகவோ அது சட்டமாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. பகவதியம்மாள் மிச்ச மீனை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடினாள். தட்டைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தாள், மோந்து பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். விரலிலும் வாசம் போகவில்லை. கழுவிய தட்டைச் சுவர்மேல் வைத்துவிடலாம், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. சற்று நின்று யோசித்தாள். பிறகு உள்ளே கொண்டுவந்து, நாளைக்கு வேண்டியிருக்கும் என்று, கோமுவின் பக்கத்திலேயே வைத்தாள்.